உப்பு வாரியவர்கள் நம் கதையில் எங்கே?

ஆனையிறவு என்றதும் நமக்கு மூன்று காலங்கள் ஞாபகம் வரும்: 1991 ஜூலை, 2000 ஏப்ரல், 2009 ஜனவரி. 1991-இல் வெற்றிலைக்கேணியில் யார் இறங்கினார்கள், 2000-இல் குடாரப்பில் யார் இறங்கினார்கள் என்று தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தபடியே கோடு கீறிக் காட்டக்கூடியவர்கள் நம்மிடையே தாராளம். அதே வாங்கில், உப்பளம் எந்த ஆண்டு நின்றது என்று கேட்டுப் பாருங்கள். 1990 என்று சட்டென்று சொல்ல ஆளிராது. அங்கே உப்பு வாரியவர்கள் எந்தெந்த ஊர்க்காரர், வேலை நின்ற பிறகு என்ன செய்து பிழைத்தார்கள் என்று கேட்டால், பேச்சு இரண்டு நிமிடத்தில் மறுபடி ஷெல்லடிக்குத் திரும்பிவிடும்.

இலக்கியக்காரராகிய நாமும் அந்த வாங்கில் இருந்தவர்கள்தான். வடக்கில் கதை எழுதுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், வெளியீட்டு விழாவில் ஏற்புரையும் மதிப்பீட்டுரையும் ஆற்றுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவர்கள், சஞ்சிகை நடத்தி நட்டப்படுகிறவர்கள். இந்தக் கட்டுரையில் 'நாம்' என்பது இவ்வளவு பேரும்.

1930களில் தொடங்கிய உப்பளம் அது. அதன் உப்பை நம்பிப் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. கோஸ்டிக் சோடாவும் குளோரினும் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. இரண்டையும் யுத்தம் விழுங்கியது. 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசையுப்பு ஆலை திறக்கப்பட்டபோது பொதியில் 'ரஜ லுணு' என்று பெயர் வந்தது. நாம் கொதித்தோம். கொதித்ததில் பிழையில்லை, ஆனையிறவில் விளைந்த உப்புக்கு ஆனையிறவின் பெயர்தான் இருக்க வேண்டும். ஆனால் சில வாரங்கள் கழித்து, மே மாதத்தில், உப்பளத் தொழிலாளர்கள் தங்கள் வேலை நிலைமைகளுக்காகப் போராட்டத்தில் இறங்கினார்கள். பெயருக்காகப் பதிவுக்கு மேல் பதிவு போட்ட நம்மில் எத்தனை பேர் அவர்களுக்காக ஒரு வரி எழுதினோம்? பொதியின் மேலே இருந்த எழுத்து நம் கண்ணைக் குத்தியது. பொதி கட்டிய கை கண்ணில் படவில்லை.

நம் இலக்கியம் ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றது என்று நாம் சொல்லிக்கொள்வது முழுப் பொய் அல்ல. கே.டானியலின் 'பஞ்சமர்' 1972-இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையில் இருந்துகொண்டு கதை எழுதிய டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. யாழ்ப்பாணத்து வைத்தியரான நந்தி 'மலைக்கொழுந்து' எழுதினார், யோ.பெனடிக்ற் பாலன் 'சொந்தக்காரன்' எழுதினார். மலையகத்திலிருந்தே சி.வி.வேலுப்பிள்ளையும் என்.எஸ்.எம்.ராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதினார்கள். இவர்களை வாசித்து வளர்ந்தோம் என்று மேடையில் சொல்லும்போது நம் குரல் கொஞ்சம் உயரும்.

ஆனால் இந்த நூல்களை எப்படி அடுக்கி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். டானியலுக்கு ஒரு தட்டு, ஜோசப்புக்கு ஒரு தட்டு, முஸ்லிம் எழுத்தாளர்களுக்கு ஒரு தட்டு, போர்க்கால எழுத்துக்கு ஒரு தட்டு. டானியலின் சீவல் தொழிலாளி யாழ்ப்பாணத்துப் பனங்கூடலை விட்டு வெளியே வரமாட்டார். ஜோசப்பின் தொழிலாளி லயத்தை விட்டு இறங்கமாட்டார். இருவரும் சந்தித்தால் என்ன பேசியிருப்பார்கள் என்ற கேள்வி நமக்கு வரவேயில்லை. வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் சந்தித்தார்கள். வன்னியில், நம் வீட்டுப் படலைக்கு முன்னால்.

எப்படிச் சந்தித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனால் அதன் இரண்டு பாதிகளையும் நாம் சேர்த்துச் சொல்வதில்லை. 1970களின் முற்பகுதியில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் பொன் விலை போயின. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வன்னிக் காட்டைத் திருத்தித் தோட்டம் செய்தார்கள், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்கள் செழித்தன. அதே ஆண்டுகளில், அதே உணவுத் தட்டுப்பாட்டில், மலையகத் தோட்டங்களில் சனம் பட்டினி கிடந்தது. 1974-இல் பசியால் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் வடக்கு நோக்கி வந்து அந்த மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்றார்கள். 1958-இலும் 1977-இலும் அடிபட்டு வந்தவர்கள் வேறு. வன்னி நாவல் என்றால் காட்டை வெட்டிக் களனியாக்கிய கமக்காரரின் துணிச்சல் என்றே நாம் படித்தோம், படிப்பித்தோம். மிளகாய் ஆய்ந்தது யார் என்பது வினாத்தாளில் வந்ததில்லை.

இன்னொரு கும்பல் அவர்களுக்கு முன்பே தெற்கு நோக்கி ஆனையிறவைக் கடந்திருந்தது. கோயில் கிணறு, தேத்தண்ணிக் கடைக் கோப்பை, சுடலை, இப்படி ஏதோ ஒன்றுக்காகக் குடிசை கொளுத்தப்பட்டு, இனி இந்த மண்ணில் இருக்க முடியாது என்று குடாநாட்டை விட்டு வந்த குடும்பங்கள். அவர்களுக்கு ஆனையிறவு ஒரு போர்க்களமல்ல, அதைத் தாண்டினால் சாதிக்காரன் கண்ணில் படமாட்டோம் என்ற எல்லை.

இப்போது உப்பளத்துக்கு வருவோம். சோழகம் வீசத் தொடங்கினால் நீரேரித் தண்ணீர் பாத்தியில் இறுகும். முதலில் மேலே மெல்லிய ஆடை படியும், பிறகு அடியில் மணி கட்டும். வெயில் ஏறுமுன் வாரிக் கரையேற்ற வேண்டும் என்பதால் வேலை விடியப்புறத்திலேயே தொடங்கிவிடும். காலில் சிறு கீறல் இருந்தாலும் ஆறாது, உப்புத்தண்ணீர் அதைத் தின்றுகொண்டே இருக்கும். வெள்ளைத் தரையில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில் கண் கூசிக் கூசி நாற்பது வயதிலேயே பார்வை மங்கும். குவித்த உப்பில் எதிர்பாராமல் ஒரு மழை விழுந்தால் அத்தனை நாள் உழைப்பும் வந்த தண்ணீரோடு திரும்பிப் போகும். பத்து மணிக்குத் தகரக் கொட்டிலின் கீழே கொஞ்ச நேரம் ஆறுதல். அங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தியின் தகப்பன் வலிகாமத்திலிருந்து வந்தவர். மற்றவளின் தாய் 77-இல் மலையிலிருந்து வந்தவள்.

"உங்கட அம்மா ஏன்டி இரவில விளக்குக் கொளுத்த விடமாட்டா?"

"லயத்துல தீ வச்சாங்கல்ல அக்கா. வெளிச்சம் தெரிஞ்சா வந்துருவாங்கன்னு விடிய விடிய தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தாங்களாம். அப்ப நான் சின்னப் புள்ள."

"பிறகு?"

"பிறகென்ன, லொறில ஏறி வவுனியா. லொறிக்காரரு எங்க எறக்கிவிட்டாரோ அதுதான் ஊரு."

"எங்கட வீட்டையும் கொளுத்தினவங்கள் பிள்ளை. அப்பு கோயில் கிணத்தில தண்ணி அள்ளிப்போட்டார் எண்டு. இரவோட இரவா நடந்து வந்ததாம்."

"அங்கயுமா? சிங்களவங்க அவ்வளவு தூரம் வந்தாங்களா?"

"சிங்களவங்கள் இல்லையடி. எங்கட ஆக்கள்தான்."

இது எந்த நூலிலிருந்தும் எடுத்ததல்ல. நாம் எழுதாமல் விட்ட பக்கம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று இங்கே எழுதிப் பார்த்தது. எழுதிப் பார்த்தவுடன் ஏன் எழுதாமல் விட்டோம் என்பதும் தெரிந்துவிடுகிறது. கடைசி வரி நமக்கு ஒத்துவராது. மலையகப் பெண்ணின் கதையைத் தனியே எடுத்தால் அது இனவாதத்துக்கு எதிரான சாட்சியம். வலிகாமத்துப் பெண்ணின் கதையைத் தனியே எடுத்தால் அது சாதிக்கு எதிரான சாட்சியம். இரண்டையும் நாம் மேடையேற்றியிருக்கிறோம், கைதட்டு வாங்கியிருக்கிறோம். ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லி, மற்றவள் "பிறகு?" என்று கேட்டுவிட்டால் மட்டும் கதை நம் கைக்கு அடங்காமல் போய்விடுகிறது. இரண்டு பேரின் வீட்டையும் கொளுத்தியவர்களை அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையில் நாமும் நிற்கிறோம்.

நம் புனைகதையில் எளியவர்கள் எப்போதும் மேலே பார்த்தே பேசியிருக்கிறார்கள். கட்சி கேட்ட காலத்தில் கட்சிக்குச் சொன்னார்கள். இயக்கம் கேட்ட காலத்தில் இயக்கத்துக்குச் சொன்னார்கள். 2009-க்குப் பிறகு ஜெனீவாவுக்கும், தமிழ்நாட்டுப் பதிப்பாளருக்கும், புலம்பெயர்ந்த வாசகருக்கும் சொன்னார்கள். செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் முட்கம்பிக்குள் இருந்தது. தண்ணீர் பவுசருக்குப் பின்னால் நீண்ட வரிசையில் வெள்ளாளரும் பஞ்சமரும் மலையகத்தாரும் கரையாரும் முன்பின்னாக நின்றார்கள். அந்த வரிசையில் யார் யாருக்கு என்ன கதை சொன்னார்கள்? முள்ளிவாய்க்காலைப் பற்றி வந்த நம் நாவல்களில் பெரும்பாலானவை நீதிபதிக்கு வாசித்துக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டவைபோல் இருக்கின்றன. இழப்பு, திகதி, இடம், கொன்றவர் யார். அப்படி ஒரு பதிவு தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் பின்னால் நிற்பவளுக்குச் சொல்லும் கதையில் வேறு சங்கதிகள் வரும். நீதிபதி இடத்தில் இருப்பது நமக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் நம் முன்னால் வந்து தனித்தனியே முறையிட்டால் நாம் பெரியவர்கள் ஆகிறோம்.

டோனி மொரிசனின் 'பிலவட்' (1987) நாவலில் ஒரு இடம் உண்டு. நிறைமாதத்தோடு அடிமைப் பண்ணையிலிருந்து ஓடிவந்த செத், முதுகு கிழிந்து, கால் வீங்கிக் காட்டில் விழுந்து கிடக்கிறாள். அந்த வழியால் அமி என்ற வெள்ளைக்காரச் சிறுமி வருகிறாள். அவளும் ஓடிவந்தவள்தான். அவளுடைய தாய் கப்பல் கட்டணக் கடனை அடைக்க உழைத்தவள். தாய் செத்ததும் கடன் மகள் தலையில் விழுந்தது. நம் மலையகத்தாரின் முப்பாட்டன்கள் கங்காணியிடம் பட்ட துண்டுக்கடனும் இதே மாதிரிதான், கப்பலும் கரையும்தான் வேறு. அமி செத்தின் காலைத் தேய்த்துவிடுகிறாள். தேய்த்தபடியே, பொஸ்டனுக்குப் போய் வெல்வெட் துணி வாங்கப் போகும் தன் ஆசையை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சுத்தான் செத்தைக் கண் மூடவிடாமல் வைத்திருக்கிறது. ஆற்றங்கரைத் தோணியில் பிள்ளை பிறக்கிறது. பிள்ளைக்கு அந்தச் சிறுமியின் பெயரின் பாதி.

மொரிசன் அமியைப் புனிதை ஆக்கவில்லை. வெள்ளைக்காரியின் திமிர் அவள் வாயில் கடைசிவரை இருக்கிறது. அடுத்த நாள் அவள் தன் வழியே போய்விடுகிறாள். ஒரு இரவுக்கூட்டு, அவ்வளவுதான். நமக்கோ ஒற்றுமை என்றால் கொடியும் உறுதிமொழியும் வேண்டும். அதனால்தான் நம் கதைகளில் மலையகத்தார் பெரும்பாலும் நல்லவர்களாக வருகிறார்கள். விசுவாசமானவர், வாய் பேசாதவர், தோட்டத்தைப் பொன்னாகக் காத்தவர். நடுவில் ஷெல் பட்டுச் சாவார். அவருடைய சாவு கதாநாயகருக்குக் கோபத்தைக் கொடுக்கும். அவருக்கென்று ஒரு வெல்வெட் ஆசை இருந்ததா என்று நாம் கேட்டதில்லை.

எல்லோரும் கேட்காமல் விட்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். சயந்தனின் 'ஆதிரை' (2015) மலையகத்திலிருந்து உயிர்தப்பி வன்னிக் காட்டோரம் வந்த குடும்பத்தைப் பின்னணியில் நிறுத்தவில்லை, கதையையே அவர்கள் பக்கத்தில் நின்று தொடங்குகிறது. விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' அக்கரைப்பற்றுச் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் கடை விரித்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வீட்டு விசேஷத்தை ஒருவர் அறிந்து வாழ்ந்ததையும், அது எப்படி உடைந்தது என்பதையும் அந்த மண்ணின் பேச்சிலேயே சொல்கிறது. இவை வந்தபோது நாம் என்ன செய்தோம்? 'ஆதிரை'யைப் புலிக்கு ஆதரவா எதிரா என்ற ஒரே தராசில் போட்டோம். 'கசகறண'த்தைக் கிழக்கின் நாவல் என்று சொல்லி நம் கணக்கிலிருந்து தள்ளிவைத்தோம். கிழக்கின் நாவலாம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டது ஆனையிறவு உப்பளம் நின்ற அதே ஆண்டில்தான். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சந்தையில் பக்கத்துக் கடைக்காரர் காணாமற்போன கதை நம்முடையதும்தான். அதை நம் புனைகதைக்குள் கொண்டுவர நாம் எடுத்துக்கொண்ட காலம் வெட்கப்பட வேண்டிய நீளம்.

என்.கே.ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' சிறுகதை நம் எல்லோருக்கும் தெரியும். சீர்திருத்தம் பேசுகிற பெரிய மனிதர், தம்மைத் தேடி வந்த ஒடுக்கப்பட்ட சாதி மனிதர்களை வீட்டுக்குள் அழைக்காமல், வெளியே நிலவில் இருந்து பேசலாம் என்று நாசூக்காகக் கூட்டிப்போகிறார். அந்தக் கதையை நாம் பாராட்டாத கூட்டமில்லை. ஆனால் நம் சஞ்சிகைகளின் சிறப்பிதழ்கள் என்ன? மலையகச் சிறப்பிதழ், தலித் சிறப்பிதழ், முஸ்லிம் சிறப்பிதழ். ஒவ்வொருவருக்கும் ஒரு முற்றம், ஒரு நிலவு. விறாந்தைக்குள் யாரும் யாரையும் சந்திக்காமல் நாம் பார்த்துக்கொண்டோம்.

காந்தியம் அமைப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிஜத்தில் கூட்டுச் சேர்ந்தவர்களை நாம் எப்படி நினைவில் வைத்தோம் என்பதற்கு அது உதாரணம். கட்டடக்கலைஞர் எஸ்.ஏ.டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் 1970களின் பிற்பகுதியில் மலையக அகதிகளை வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் குடியமர்த்தினார்கள். 1983-இல் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலை 27-ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். வெலிக்கடை என்றதும் குட்டிமணி, தங்கத்துரை என்று நம் வாய் தானாகச் சொல்லும். இராஜசுந்தரம் "முதலானோர்" என்பதற்குள் போய்விடுவார். அவர்கள் குடியமர்த்திய குடும்பங்கள் அதற்கும் உள்ளே. டொலர் பாம், கென்ற் பாம் ஆகியவற்றிலிருந்து 1984-இல் மலையகக் குடும்பங்கள் விரட்டப்பட்டதை நிலப்பறிப்பு என்று பதிவு செய்திருக்கிறோம். நிலப்பறிப்புத்தான். பறிபோன நிலத்தை ஏக்கர் கணக்கில் சொல்லத் தெரிந்த நமக்கு, இரண்டாம் தரமும் அகதியான அந்தக் குடும்பங்களை ஒரு சிறுகதைக்குள்ளாவது உட்கார வைக்கத் தெரியவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, கதை சொல்லிக் கூட்டுச் சேர்வது வன்னிக்குப் புதிதே அல்ல. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு நாம் எல்லோரும் போகிறோம். அந்தக் கோயிலின் கதை என்ன? நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசியோடு ஒரு கிழவி வருகிறாள். பொடியன்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை ஊற்றச் சொல்கிறாள், விளக்கு எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள், தலை நிறையக் கண்கள். கணவனைப் பறிகொடுத்து, மதுரையை எரித்துவிட்டு, கடல் தாண்டி வந்த அந்த அகதியைத்தான் நாம் அம்மாள் என்று கும்பிடுகிறோம். நம் ஆட்கள் மலையகத்தாரை ஒரு காலத்தில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? வடக்கத்தியார். அந்தக் கணக்கில் அம்மாளும் வடக்கத்தியாள்தான்.

முல்லைத்தீவுக்குக் கோவலன் கூத்து இருக்கிறது. மலையிலிருந்து வந்தவர்கள் காமன் கூத்தைக் கொண்டுவந்தார்கள். ஒன்றில் அரசன் தீர விசாரிக்காமல் கொன்றவனுக்காகக் கண்ணகி அழுகிறாள். மற்றதில் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்தவனுக்காக ரதி அழுகிறாள். அதிகாரம் புருஷனைக் கொன்ற இரண்டு பெண்கள், ஒரே மாவட்டத்தில், அடுத்தடுத்த ஊர்களில், இரவு இரவாக அழுதிருக்கிறார்கள். பிரதேச கலாசார விழாக்களில் நாம் ஒன்றை 'நமது பாரம்பரியம்' என்றும் மற்றதை 'மலையகப் பாரம்பரியம்' என்றும் நிகழ்ச்சிநிரலில் தனித்தனியே அச்சடித்தோம். ரதியும் கண்ணகியும் ஒரு நாவலின் இரண்டு முற்றங்களில் இருந்து ஒருவர் ஒப்பாரியை மற்றவர் கேட்கிறார்கள் என்று நம்மில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம்.

யுத்தம் நடந்த இடத்தில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று நாம் சொல்வதுண்டு. அந்தச் சாட்டு எடுபடாது. யுத்தத்துக்குள் நாம் எழுதாமல் இருக்கவில்லை. கடதாசி கிடையாத காலத்திலும் வன்னியில் சஞ்சிகையும் கவிதைத் தொகுப்பும் வந்துகொண்டுதான் இருந்தன. கரையின் மறுபக்கத்தைப் பாருங்கள். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்குப் போய் அளத்துத் தொழிலாளர்களோடு பழகி, 1979-இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். அளத்துப் பெண்கள் தங்கள் உடம்பையும் கடனையும் பற்றி ஒருவருக்கொருவர் பேசுகிற இடங்களில்தான் அந்த நாவல் உயிர்பிடிக்கிறது. அந்த ஆண்டில் ஆனையிறவு உப்பளம் இயங்கிக்கொண்டிருந்தது. ஏ-9 வீதியில் பஸ் ஓடியது, யாழ்தேவி அந்த வழியால் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இலக்கியக் கூட்டத்துக்குப் போனவர்கள் யன்னலால் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஆனையிறவில் நாம் கேட்கவே பயப்படுகிற இன்னொரு கதையும் இருக்கிறது. 1991 ஜூலையில் அங்கே கப்டன் வானதி வீழ்ந்தார். கவிதை எழுதியவர். தான் எழுத முடியாமல் போனதை மற்றவர்கள் எழுத வேண்டும் என்று கேட்கிற அவருடைய கவிதை நமக்கு மனப்பாடம். அதே ஜூலையில், அதே வெளியில், முகாமை நோக்கி வந்த கவச புல்டோசரின் மேல் ஏறிச் செத்தார் காமினி குலரத்ன என்ற படைவீரர். கண்டி மாவட்டத்து ஹசலக்கவில் இருந்து வந்தவர். அவருடைய நினைவிடம் இன்றைக்கும் வீதியோரம் அந்த இயந்திரத்தோடு நிற்கிறது, தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கின்றன. வானதிக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. இந்த அநியாயத்தை நாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த இருவரையும் ஒரே புனைவுக்குள் வைத்து, ஒருவர் ஊரை மற்றவர் கேட்பதாக எழுத நம்மில் யாருக்கும் கை வரவில்லை. இதை வாசிக்கும்போதே சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். எழுதுகிற கைக்கும் அந்தச் சுளிப்புத் தெரிந்ததுதான். கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் சமப்படுத்தும் கதையை யாரும் கேட்கவில்லை. அந்த உப்புவெளிக்கு இரண்டு பக்கத்திலும் அனுப்பப்பட்டவர்களில் கொழும்பு ஏழிலிருந்தும் நல்லூர் பெரிய வீதியிலிருந்தும் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு பாத்திரமாவது கேட்டிருக்கலாம்.

சரி, மலையகப் பிள்ளைகளே எழுதட்டுமே, நாம் ஏன் அவர்கள் வாயால் பேச வேண்டும் என்று இப்போது ஒரு நியாயம் கிளம்பியிருக்கிறது. நல்ல நியாயம், நமக்கு வசதியான நியாயமும்கூட. கிளிநொச்சியில் பிறந்து, கிளிநொச்சியில் படித்து, இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஒரு பெண் எழுத வருகிறாள் என்று வையுங்கள். அவளிடம் நாம் எதைக் கேட்கிறோம்? லயத்தை, கொழுந்துக் கூடையை, அட்டைக்கடியை. அவள் மலையைப் பார்த்ததே பாடசாலைச் சுற்றுலாவில்தான் இருக்கும். அவளுக்குத் தெரிந்தது நம்மை. அம்மம்மாவுக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தோம், எந்த வாசலால் வரச் சொன்னோம், மிளகாய் ஆய்ந்த கூலியில் எதையெல்லாம் சொல்லிக் கழித்தோம், காணி உறுதி கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனபோது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த நம் ஆட்கள் என்ன சொன்னார்கள். 1990-இல் இருபது வயதில் உப்பள வேலையை இழந்த பெண்களுக்கு இப்போது ஐம்பத்தைந்துக்கு மேல். அவர்களிடமும் கேட்டு எழுதினால் அவளுடைய நாவல் நன்றாகத் தடிக்கும். அது வெளிவரும் நாளில் மதிப்பீட்டுரைக்கு நம்மைக் கூப்பிடுவாளோ தெரியாது. பாத்திரங்களாக எப்படியும் இருப்போம்.